மாமாவின் பைக்

அக்கா கடைக்குப் போயிருந்த நேரத்தில், செத்துப்போன மாமாவின் பைக்கைத் தம்பி கழுவினான். வண்டி கழுவும் கடையில் இருபது வருஷம் ஊறிய கை. அழுக்கைக் கண்டால் சும்மா இருக்காது. கடையிலிருந்து கம்ப்ரசரையே தூக்கி வந்திருந்தான். காற்றும் தண்ணீரும் கலந்து சீறியதில் சேறெல்லாம் பறந்தது. பெட்ரோல் டேங்கில் இருந்த கிரீஸ் விரல்தடம் மட்டும் அடம்பிடித்தது. அதற்கு இரண்டு தடவை அடித்தான். பிறகு துடைத்து, பழையபடி முன்னறையில் நிறுத்தினான்.

அக்கா வந்ததும், "புது மாப்பிள்ளை மாதிரி நிக்குது பாருக்கா!" என்றான்.

அவள் டேங்கைத் தடவினாள். "கடைசியா செயின் மாட்டிட்டு அவர் கை வச்ச இடம்டா. ஒரு வருஷமா துணிகூடப் படாம வச்சிருந்தேன். உன்னை யாருடா கேட்டா?"

இரண்டாவது தடவை அடித்தது அவனுக்கு நினைவு வந்தது.

"தெரியாம செஞ்சுட்டேன்க்கா. ஏதாவது திட்டேன்."

அக்கா பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.