சட்டையில் குத்திய சொல்

என் சித்தி சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவள். கல்யாணமான நாற்பதாம் நாள் சித்தப்பா வெளிநாட்டுக்கு, ஒரு ரொட்டித் தொழிற்சாலை வேலைக்குப் போனார். சித்தி எங்களோடு வந்து தங்கினாள். மனைவி அங்கே போக வேண்டுமென்றால் அந்த நாட்டு மொழியில் பரீட்சை எழுதித் தேற வேண்டும். அவ்வளவுதான், சித்தி அன்றைக்கே நோட்டு வாங்கிவிட்டாள்.

காலருக்குள் வைத்துத் தைக்கும் கேன்வாஸில் மிச்சம் விழும் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வருவாள். ஒவ்வொன்றிலும் ஒரு சொல் எழுதி, வீடெல்லாம் குண்டூசியால் குத்துவாள். திரைச்சீலை, தலையணை, என் பை, எதுவும் தப்பவில்லை. ஆணியில் தொங்கிய சித்தப்பாவின் பழைய சட்டையில் மட்டும் 'கணவன்' என்பதற்கான சொல் இருந்தது.

"சட்டைக்குச் சட்டைன்னுதானே எழுதணும், சித்தி?"

"ஆளைக் குத்தணும்னா ஆள் இங்க இருக்கணுமேடி!"

அந்த மொழியில் கதவு பெண், நாற்காலி ஆண். ஏன் என்று கேட்கக் கூடாது, மனப்பாடம் பண்ண வேண்டும். சாப்பாட்டு இடைவேளை இருபது நிமிடம் என்றால் பத்து நிமிடம் படிப்பு. மெஷின் ஓடும்போதும் வாய் ஓயாது. பக்கத்து மெஷின் அக்கா கேலி பண்ணுவதை வீட்டுக்கு வந்து சித்தியே நடித்துக் காட்டுவாள்.

"என்னடி துரைசானி, இன்னைக்கு என்ன பாடம்?"

"இறந்தகாலம்க்கா."

"நாப்பது நாள் குடித்தனம்தானே? அரைப் பக்கத்துல முடிஞ்சிருக்குமே!"

முதல் நிலையில் தேறியதும் சித்தப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். "சட்டம் மாறிடுச்சு. இப்போ ரெண்டாம் நிலை கேக்குறாங்க" என்றார். அதையும் எழுதித் தேறினாள். "மறுபடி மாத்திட்டாங்க, மூணாவதையும் எழுதிடு." மூன்றாவதில் ஒருமுறை தோற்று, மறுமுறை தேறினாள். நாலு வருடம் ஓடிவிட்டது. அவள் யாரையும் சந்தேகப்படவில்லை. தன் மண்டையைத்தான் திட்டிக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, விண்ணப்பத்தை நானே நிரப்புகிறேன் என்று சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்தாள். அந்த நாட்டுக் குடியேற்ற அலுவலகத்தின் பக்கம் வந்தது. மொழிபெயர்ப்புப் பொத்தானை அமுக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள். வரிக்குக் கீழே விரலை நகர்த்தி, வாசித்து வாசித்து எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"கணவன் அல்லது மனைவிக்கு முதல் நிலை போதும்."

அந்த விதி எப்போது வந்தது என்று கீழே தேதி போட்டிருந்தது. அவர்கள் கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முந்தியது. அதற்குப் பிறகு மாறவே இல்லை. சித்தி எழுந்துபோய் அகராதியை எடுத்து வந்து 'போதும்' என்ற சொல்லைத் தேடிப் பார்த்தாள். முதல் மாதமே படித்த சொல் அது.

பிறகு சித்தப்பாவைக் கூப்பிட்டாள். எனக்கும் கேட்கும்படி போனை மேஜைமேல் வைத்தாள். அந்த விதியை அந்த மொழியிலேயே, ஒரு பிசகில்லாமல் வாசித்தாள்.

"வேகமா படிக்காதே, ஒண்ணும் புரியலை. தமிழ்ல சொல்லு" என்றார் அவர்.

சொன்னாள்.

"இங்க ஒரே ரூம்ல அஞ்சு பேர் கிடக்குறோம். உன்னை எங்கே கொண்டாந்து வைக்கிறது? வரவேண்டாம்னு சொன்னா அழுவே. படிச்சுக்கிட்டு இருந்தா கொஞ்ச நாள் ஓடும்னு பார்த்தேன்."

"இதைத் தமிழ்லயே சொல்லியிருக்கலாமேங்க" என்றாள் சித்தி.

அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சித்தி போனை அணைத்தாள். புதுத் துண்டு ஒன்றை எடுத்து எழுதினாள். சட்டையில் இருந்த பழைய துண்டைப் பிடுங்கிவிட்டு, அதே குண்டூசியால் இதைக் குத்தினாள். கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த அளவுக்கு அந்த மொழி தெரியும்.

'சட்டை' என்று எழுதியிருந்தாள்.