அக்காவின் ஜீன் ரிப்போர்ட்டுக்காக ஹனூரிலிருந்து மைசூருக்கு

போன மாசியில் ஒரு திங்கட்கிழமை, அக்காவை மைசூருக்குக் கூட்டிப் போனேன். அவளுக்கு நுரையீரலில் கட்டி. பீடி, சிகரெட் வாடையே ஆகாதவள். கட்டியிலிருந்து எடுத்த சதையில் ஜீன் சோதனை முடிந்து, ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. இதே வேலையாகப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

ஹனூரில் காலை ஆறு மணிக்கு பஸ். கொள்ளேகாலில் மாறினால் மைசூருக்கு இன்னும் அறுபது கிலோமீட்டர் சொச்சம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்குப் போய்த் திரும்பும் கூட்டம் தாங்காது. அக்காவுக்கு இடம் கிடைத்தும் உட்காரவில்லை. பக்கத்தில் கைக்குழந்தைக்காரி இருந்தாள். அக்கா மாஸ்க்கை இழுத்து விட்டுக்கொண்டு கதவோரமே நின்று வந்தாள்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு விளக்கினார். செல்லின் மேல் ஏற்பி என்று ஒன்று இருக்கிறதாம். 'வளரு' என்று செய்தி வந்தால்தான் அது வேலை செய்யும். அதை உண்டாக்கும் ஜீன் இந்தக் கட்டியில் மாறிப்போனதால், செய்தி வராமலே செல்கள் பெருகுகின்றன. அதை அடக்க மாத்திரை இருக்கிறது, ஆனால் முழுசாகக் குணமாகும் என்று சொல்ல முடியாது என்றார்.

அக்கா கேட்டது வேறு. "அப்ப இது ஒட்டுவாரொட்டி இல்லீங்களா?"

"இல்லம்மா. யாருக்கும் ஒட்டாது."

"பேத்தியத் தூக்கியிருக்கலாமுங்களா?"

"தாராளமா."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முதலில் டிபி என்று சொல்லி ஏழு மாதம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் அவள் மகளுக்குக் குழந்தை பிறந்தது. அக்கா வெளி அறையில் தனித்தட்டு, தனிப்பாய் என்று ஒதுங்கிக்கொண்டாள். கட்டி என்று தெரிந்த பிறகும், இது ஒட்டாது என்று அவளுக்குச் சொல்ல எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மாத்திரை கேட்கிறது. இருமல் குறைந்து, இப்போது அவளே கடைக்குப் போய் வருகிறாள்.

போகிறவர்களுக்கு: ஜீன் சோதனைக்குக் கொடுக்க, சதையைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டை முதல் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி, வெயில் படாமல் கொண்டுபோங்கள். பழைய ஸ்கேன் எதையும் விடாதீர்கள். நோய் ஒட்டுமா, ஒட்டாதா என்று முதல் நாளே கேளுங்கள். நோயாளி காதுபடக் கேளுங்கள்.

போன வாரம் ஹனூர் போயிருந்தேன். அக்கா கை நீட்டினாள். குழந்தை வீறிட்டு அழுது அம்மா தோளில் முகத்தைப் புதைத்தது. "பழகுனா வந்துருவாடா" என்றாள் அக்கா என்னிடம். நீட்டிய கையை உடனே மடக்கவில்லை.