கிழமை சொல்லத் தெரிந்தவள்

எங்கள் வீட்டில் தினசரி காலண்டரின் தாளைக் கிழிப்பது மகளின் வேலை. நான் இருபது வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறவன். அவளுக்கு அறிவு வளர்ச்சி குறைவு என்று ஐந்து வயதில் தெரிந்தபோது, எனக்குப் பழக்கமானதையே அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன்: கிழமை, தேதி, தமிழ் மாதம். அதற்கு மூன்று வருடம் பிடித்தது. பதினான்கு வயதிலும் அவளால் இரண்டு எண்களைக் கூட்ட முடியாது; அவனியாபுரம் பஸ் நிறுத்தத்தில் தனியாகச் சாலையைக் கடக்க முடியாது. கிழமையை மட்டும் தவறவிட்டதில்லை.

அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதம் தலைமையாசிரியை என்னை அழைத்தார். அடுத்த வருடம் பொதுத்தேர்வு. வாரம் இரண்டு நாள் வரும் சிறப்பாசிரியை, ஊனச் சான்றிதழ் உள்ள பிள்ளைகளுக்கு மட்டுமே பாடம் எடுப்பார். தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆளும் கூடுதல் நேரமும் கிடைக்கவும் அதே சான்றிதழ்தான் வேண்டும். அதில் ஊனத்தின் அளவு நூற்றுக்குக் குறைந்தது நாற்பது இருக்க வேண்டும். அதுவரை நான் அதை வாங்கவில்லை. அப்படியொரு தாள் வீட்டில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை பதினான்கு, வியாழக்கிழமை. தல்லாகுளத்தில் ஒரு மண்டபத்தில் சான்றிதழுக்கான மருத்துவ முகாம். மனைவி மகளுக்குப் புதுப் பாவாடை சட்டை உடுத்தி மல்லிகை வைத்துவிட்டிருந்தாள். நான் ஷேர் ஆட்டோவில் வழிநெடுகக் கேள்வி கேட்டுப் பழக்கினேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒருவர் மகனைத் தோளில் சாய்த்து வைத்திருந்தார். எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னண்ணே, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாராங்களா? இம்புட்டுச் சோடிச்சுக் கூட்டியாந்திருக்கீங்க."

"டாக்டரைப் பாக்கப் போறோம்ல."

"அதுக்குத்தான் சொல்றேன். தலை சீவாம கூட்டியாரணும்ணே. இங்க பாஸானவன்லாம் ஃபெயிலு."

நான் சிரித்துவைத்தேன்.

மருத்துவர் தலை நிமிராமல் கேட்டார். "பாப்பா, இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன். தேதி பதினாலு. ஆனி முப்பது."

அவர் நிமிர்ந்தார். "அட, எனக்கே தமிழ்த் தேதி தெரியாதும்மா."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அன்றைய நாட்குறிப்பில் 'நன்றாகச் சொன்னாள்' என்று இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து வந்த தாளில் முப்பத்தைந்து என்று போட்டிருந்தது.

சான்றிதழ் கொடுக்கும் அலுவலகத்துக்கு ஏழு முறை நடந்தேன். ஏழு தேதிகளும் என் நோட்டில் உள்ளன. கணக்குக் கொடுத்துப் பாருங்கள், சாலையில் நிறுத்திப் பாருங்கள் என்று மன்றாடினேன். "நல்லா பேசுற பிள்ளைய வச்சுக்கிட்டு எதுக்கு சார் அலையுறீங்க?" என்றார் அங்கிருந்த எழுத்தர். ஏழாவது முறை, மறுபரிசோதனைக்கு நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்.

அதற்கு முந்தின நாள் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, நாளைக்கு டாக்டர் என்ன கேட்டாலும் பேசக் கூடாது என்றேன். சமையலறையிலிருந்து மனைவி சொன்னாள்: "இம்புட்டு வருசமா சொல்லு சொல்லுன்னு அவ உசுர வாங்குனீங்க. இப்ப சொல்லாதன்னா அவ என்னான்னு எடுத்துக்குவா?"

"ஒரு நாளைக்குத்தானே."

மகள் கேட்டாள். "அன்னைக்குத் தப்பாச் சொன்னேனாப்பா?"

"ஆமா" என்றேன்.

மறுநாள் வேறொரு மருத்துவர். கேள்வி அதேதான். மகளின் உதடுகள் அசைந்தன. பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் பென்சிலைக் காட்டிக் கேட்டார். விரல்களை நீட்டி எண்ணச் சொன்னார். அவள் கையை எடுக்கவேயில்லை. திரும்பும்போது ஆட்டோவில், "இப்பச் சொல்லலாம்மா" என்றேன். சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சான்றிதழ் டிசம்பரில் வந்தது. நாற்பதை நன்றாகவே தாண்டியிருந்தது. ஜனவரியில் ஒரு புதன்கிழமை சிறப்பாசிரியை அவளை முதன்முறையாக வகுப்பில் சேர்த்துக்கொண்டார். சாயங்காலம் அழைக்கப் போனபோது என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'கிழமை, தேதி தெரியவில்லை. அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.'

"வீட்டுலயும் கொஞ்சம் சொல்லிக்குடுங்க சார்" என்றார்.

சரி என்று கையெழுத்துப் போட்டேன். கீழே தேதி போட வேண்டிய இடத்தில் பேனாவை வைத்தபடி மகளைப் பார்த்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை.