ஈரத்தில் வைத்த ஐந்து கன்றுகள்

எங்கள் அக்கா ராசிங்காபுரத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அக்காவுக்குப் பின் நான் ஒருவன்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, களையெடுக்கப் போய் என்னைப் படிக்க வைத்தார். போடிமெட்டுப் பாதையில் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பை ஓட்டிய மச்சானுக்கு வாழ்க்கைப்பட்டு மலையேறினார். பிள்ளைப்பேறு இல்லை. மச்சான் காலமானபின் போடியில் என் வீட்டுக்கு வந்து, கடைசிவரை எங்களோடு இருந்தார். யாரையும் ஒரு சொல் சொல்லாதவர் என்று இத்தகைய நினைவு மலர்களில் எழுதுவது வழக்கம். அக்கா சொல்வார். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அன்றே மறந்தும் விடுவார்.

மலையிலிருந்து வந்தபோது ஒரு சாக்கில் இரண்டு அன்னாசிக் கன்றுகளைக் கொண்டு வந்தார். அங்கே பக்கத்து வீட்டு மலையாளத்து அம்மா கொடுத்தவை. அதனால் அக்காவுக்கு அது கடைசிவரை 'கைதச்சக்கை'தான். மொட்டைமாடியில் பழைய பெயிண்ட் வாளிகளில் அவை பெருகின. ஒருமுறை பழம் தந்த தாய்ச்செடி பிறகு மெல்லப் பட்டுப்போகும். அதன் அடியில் கிளம்பும் கன்றுகளைப் பிரித்து வேறு வாளிகளில் வைக்க வேண்டும். அக்கா கன்றைத் திருகி எடுத்து, அடியிலைகளை உரித்து, பிய்த்த இடம் காயும்வரை நாலைந்து நாள் நிழலில் போட்டுவைப்பார்.

நான் குரங்கணிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவன். ஏலச்செடியின் தூரைப் பிரித்தால் அன்றைக்கே ஈரமண்ணில் வைத்துவிட வேண்டும். வேர் காய்ந்தால் தீர்ந்தது. அந்தக் கர்வத்தில், "என்னக்கா, கருவாடா காயப்போடுற?" என்று கேலி செய்வேன்.

"உன் ஏலம் தண்ணிப் பிள்ள. இது காஞ்சாத்தான் பொழைக்கும். நீ ஒன் சோலியப் பாரு" என்பார்.

அக்காவுக்கு மாடியேற முடியாமல் போனதும், எங்கள் கவனக்குறைவால் வாளிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. பழம் அறுத்த ஒரு செடிதான் மிஞ்சியது. சென்ற ஆண்டு ஐப்பசியில் வயிற்று நோய் முற்றி மதுரையில் மருத்துவமனைக்குப் புறப்பட்ட அன்று, "தம்பி, கன்னு நெருக்கியடிச்சுக் கெடக்கு. பிரிச்சுக் காயப்போட்டு வையி" என்றார்.

ஐந்து கன்றுகள் இருந்தன. எனக்குத் தெரியாத நடவா? பிரித்த கையோடு சாணியெரு போட்ட ஈரமண்ணில் வைத்தேன். தாய்ச்செடியைப் பிடுங்கி எறிந்தேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். பத்தே நாளில் குருத்தைத் தொட்டால் கையோடு வந்தது, புளித்த வாடையுடன். ஐந்தும் அழுகிவிட்டன.

அதற்குப் பின் நான் மருத்துவமனைக்குப் போனபோது அக்கா கேட்ட முதல் கேள்வி, "கன்னு பிடிச்சிருச்சா?"

"பிடிச்சிருச்சுக்கா. அஞ்சும் குருத்து விட்டிருக்கு."

"அஞ்சுமா?" என்றவர், பக்கத்தில் நின்ற என் மனைவியை ஒருமுறை பார்த்தார். "சரி, பாத்துக்க."

வீட்டுக்கு அழைத்து வந்தபின்னும் தினமும் கேட்டார். நானும் தினமும் வளர்த்துச் சொன்னேன். நோயாளியைக் கலங்கடிக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அக்காவின் வாய்க்குப் பயந்தேன். கார்த்திகை பிறந்து நான்காம் நாள், கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவர் எழவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் போனபின், மாடியில் ஒரு கன்றும் இல்லை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் அடுக்களைப் பரணிலிருந்து செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தாள். உள்ளே ஒரு கன்று. வாடியிருந்தது, ஆனால் குருத்து கெட்டியாக இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு என்னைய மாடிக்கு அனுப்பி மதினிதான் ஒண்ணத் திருகியாரச் சொன்னாக. 'ஏத்தா, அவன் ஈரத்துலதான் வைப்பான். இத ஒளிச்சு வையி. போச்சுன்னு அவனா வாயத் தெறந்து சொல்லுவான், சொன்னாக் குடு'ன்னாக. நீங்க மதினிகிட்டச் சொல்லவே இல்லையே" என்றாள்.

அப்போதுதான் அழுதேன்.

அக்காவின் கடைசி நாட்களில் உதவிய மருத்துவர், செவிலியர்களுக்கும், கூப்பிட்ட குரலுக்கு வண்டி கொண்டுவந்த மச்சானின் பழைய ஜீப் நண்பர்களுக்கும், ராசிங்காபுரத்து உறவினர்களுக்கும், அக்காவின் சொல்லைக் காப்பாற்றிய என் மனைவிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பரணில் காய்ந்த கன்று இந்த ஓராண்டில் பெரிய வாளி நிறைய வளர்ந்து நிற்கிறது. இன்று திதிக்கு வருகிறவர்கள் மாடியேறிப் பார்க்கலாம்.

அக்காவிடம் சொல்ல வேண்டியதை, எல்லாரும் படிக்கும் இந்த மலரில் சொல்லி முடிக்கிறேன். அக்கா, அஞ்சும் அழுகிப்போச்சுக்கா.