ஐந்தாவது வௌவால்

எங்கள் சமையலறை அலமாரியின் மேல்தட்டில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், ஒரு பழைய நீல வெள்ளைப் பீங்கான் கிண்ணம் கவிழ்ந்திருக்கிறது. அதன் வெளிப்புறத்தைச் சுற்றி ஐந்து வௌவால்கள் பறக்கின்றன. தூரிகை நின்று நகர்ந்த இடங்களில் நீலம் கறுத்துத் திட்டாக இருக்கும். அழகான கிண்ணம்தான். ஆனால் என் மகனுக்கு உடம்பு சுடும்போதெல்லாம், தெர்மாமீட்டரைத் தேடும் முன்பே என் கண் அந்தத் தட்டுக்குப் போய்விடுகிறது.

அதைக் கொடுத்தவர், சூளகிரிப் பக்கம் நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்குப் புது இயந்திரங்களை நிறுவ வந்திருந்த இன்ஜினியர். சீன மேடம் என்போம். என் வயதுதான் இருக்கும். ஊரில் விட்டுவந்த மகளின் படத்தைக் கைபேசியில் பார்த்தபடியே, தன் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த அந்தக் கிண்ணத்தில் கேன்டீன் சோற்றைப் போட்டுச் சாப்பிடுவார். ஊர் திரும்பும் நாளில், நிறைமாதமாக இருந்த என் கையில் அதை வைத்தார். அவர் சொல்லச் சொல்ல, கைபேசி தமிழில் பேசியது. ஐந்து வௌவால்கள் ஐந்து பாக்கியங்களாம். நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், நற்குணம். ஐந்தாவது, நல்ல மரணம்.

கேன்டீன் மேசையில் இருந்தவர்கள் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்கள். பிறகு எங்கள் லைன் லீடர் அக்கா, "நல்லா வாழ்த்துனாங்க போ! புள்ள இன்னும் பொறக்கவே இல்ல, அதுக்குள்ள சாவுக்கு அட்வான்ஸா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் கட்டைவிரல் தானாக நகர்ந்து ஒரு வௌவாலை மூடிக்கொண்டது. மேடம் அதைப் பார்த்தார். விளக்கம் சொல்ல மறுபடி கைபேசியை எடுத்தார். அதற்குள் ஷிப்டு சைரன் அடித்துவிட்டது.

மகனுக்கு அதில்தான் ராகிக் கஞ்சி ஊட்டினேன். அஞ்செட்டியிலிருந்து வந்த என் மாமியார் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்து முகம் மாறினார். "எங்க பக்கம் வௌவா பூந்த வூட்டுல ஆளு குடியிருக்க மாட்டாங்க. நீ கொழந்த கஞ்சிக் கிண்ணத்துலயே வச்சிருக்கியே!"

"சீனாவுல இது அதிர்ஷ்டம் அத்தை."

"அது அவங்க வௌவாலுக்கு. நம்மூரு வௌவாலுக்கு அது தெரியுமா?"

சிரித்துச் சமாளித்தேன். சில நாளில் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. நடுப்பகலில், என் மடியிலேயே, உடம்பு விறைத்துக் கண் மேலே சொருகிற்று. ஓசூருக்குப் போன ஆட்டோ கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தது. மாமியார் கிண்ணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்னும் நடுங்க வைத்தது. தூக்கிப் போட்டிருக்கலாமோ? கஞ்சி சூடாக இருந்ததோ? பழைய சாயத்தில் ஈயம் கலந்திருந்ததோ?

மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். செல்வம் கேட்கவில்லை, குணம் கேட்கவில்லை. இவன் கிழவனாக வேண்டும், பல்லெல்லாம் கொட்டி, பேரப்பிள்ளைகள் சூழ, என்றோ ஒருநாள் தூக்கத்திலேயே போக வேண்டும், அதைப் பார்க்க நான் இருக்கவே கூடாது என்று கேட்டேன். கேட்டு முடிக்கும் முன்பே அந்தக் கேன்டீன் மேசை நினைவுக்கு வந்தது. சைரனுக்கு முன் மேடம் சொல்ல வந்தது இதுவாகத்தான் இருக்கும். மகளைக் கடல் தாண்டி விட்டுவிட்டு வந்த ஒருத்தி, இதைத் தினமும் வேண்டிக்கொண்டுதான் சாப்பிட்டிருப்பாள்.

காய்ச்சலால் வந்த வலிப்புதான், பயம் வேண்டாம் என்றார் மருத்துவர். பயம் மட்டும் போகவில்லை. கிண்ணம் மேல்தட்டுக்குப் போனது.

மகனுக்கு இப்போது நான்கு வயது. நேற்று வந்த காய்ச்சல் இன்று காலை விட்டதும், வௌவால் கிண்ணம் வேண்டும் என்று அடம் பிடித்தான். சோறு போடமாட்டேன், பார்க்க மட்டும்தான் என்று சொல்லி இறக்கினேன். என் கையிலிருந்த கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வந்து எண்ணினான். நாலுதான் இருக்கு என்றான். மறுபடி எண்ணினான்.

"அம்மா, வெரல எடு."

எடுத்தேன்.