மன்றாட்டில் சொன்னது

வீடு பார்க்க வந்த அந்த அம்மாள் சமையலறையைப் பார்த்தார். பால்கனியில் நின்று காற்று வருகிறதா என்று பார்த்தார். பிறகு ஹாலில் லேப்டாப்புடன் உட்கார்ந்திருந்த என் மகளின் பக்கத்தில் போய், அக்கறையாகத்தான், கேட்டார்: "இப்போ வலிப்பு வர்றது குறைஞ்சிருக்காம்மா?"

மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

"பரவாயில்லை ஆன்ட்டி," என்று அவரிடம் சொல்லிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீட்டில் எங்கள் மூவரையும் டாக்டரையும் தவிர யாருக்கும் இது தெரியக்கூடாது என்பதுதான் அவள் எங்களிடம் கேட்ட ஒரே விஷயம். அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தாள். சாந்தோமில் எங்கள் வீடு மூன்றாவது மாடி; லிஃப்ட் கிடையாது. ஒருநாள் படிக்கட்டிலேயே வலிப்பு வந்து விழுந்து, நெற்றியில் தையல் போட வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் இதை விற்றுவிட்டுத் திருவான்மியூர்ப் பக்கம் தரைத்தளத்தில் ஒரு வீடு வாங்கலாம் என்று முடிவு செய்தோம். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டவர்களிடம் என் கணவருக்கு முட்டிவலி என்று சொன்னோம். அவரும் ஆட்கள் வரும்போதெல்லாம் கொஞ்சம் நொண்டிக் காட்டினார்.

புரோக்கர் எங்கள் அன்பியத்தைச் சேர்ந்தவர். எங்கள் சர்ச் பங்கில் ஒரு தெருவின் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்வதைத்தான் அன்பியம் என்கிறோம். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் தானே ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்துக் குடிப்பார். அப்படிப்பட்டவரிடம் எதையும் எழுதி வாங்குவது மரியாதையில்லை என்று நினைத்தோம். பத்திர நகல்களையும், நாங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் ஆட்களைக் கூட்டி வந்து காட்ட ஒரு சாவியையும் கொடுத்துவிட்டோம்.

அன்பியத்தில் செபமாலை முடிந்ததும் ஒவ்வொருவராகத் தங்கள் கவலையைச் சொல்லி மன்றாடுவோம். வெளியே சொல்ல விரும்பாதவர்கள் 'ஒரு தனிப்பட்ட கருத்துக்காக' என்று மட்டும் சொல்வார்கள். அதுவே போதும். ஆனால் அந்த வாரம் மகளுக்கு மருந்தை மாற்றியும் வலிப்பு நிற்கவில்லை. என்னால் அடக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அதில் புரோக்கரின் குரலும் இருந்தது. அங்கே அழுவது அங்கேயே இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன்.

அந்த அம்மாள் வந்துபோன அன்று மாலையே புரோக்கரை வரச்சொன்னேன்.

"என் பொண்ணு விஷயத்தை ஏன் அவங்ககிட்ட சொன்னீங்க?"

"இன்னாக்கா, நல்லதுக்குத்தானே சொன்னேன்? மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல. எவன் வருவான்? உங்களுக்கு அவசரம்னு தெரிஞ்சாத்தான் பார்ட்டி ஏறி வரும்."

"அவசரம்னு தெரிஞ்சா விலையை அடிச்சுக் கேப்பாங்க."

"கேக்கட்டுமேக்கா. சீக்கிரம் முடியும்ல?"

"நீங்க எங்க பக்கமா, அவங்க பக்கமா?"

அவர் சிரித்தார். "கமிஷன் ரெண்டு பக்கமும் வாங்குறேன்க்கா. ரெண்டு பேருக்கும் உண்மையா இருக்கணும்ல?"

என் கணவர் நொண்ட மறந்து விருட்டென்று எழுந்தார். அதற்குள் அறைக்கதவு திறந்தது.

"அங்கிள், எத்தனை பேர்கிட்ட சொன்னீங்க?" என்று மகள் கேட்டாள்.

"அய்ய, இல்ல பாப்பா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். கண் மேலே போனது, உதடு அசைந்தது. உண்மையிலேயே எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க," என்றாள். என் பக்கம் திரும்பினாள். "இவருக்கு யாரும்மா சொன்னது?"

செபத்தில் சொன்னேன் என்றேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "இனிமே மாதாகிட்ட சொல்றதுன்னாலும் மனசுக்குள்ளயே சொல்லும்மா," என்றாள்.

சாவியைத் திருப்பிக் கேட்டேன். இதுவரை தான் கூட்டி வந்தவர்களில் யார் வாங்கினாலும் கமிஷன் தனக்கு வரவேண்டும், அதற்கு ஒப்புக்கொண்டால்தான் சாவி என்றார். எல்லாமே வாய்ப்பேச்சு. எங்கள் கையில் காட்ட ஒன்றுமில்லை. கடைசியில் அன்பியத் தலைவியிடம் போனோம். ரிட்டையர்டு டீச்சர். என்னையும் புரோக்கரையும் எதிரெதிரே உட்கார வைத்துக் கேட்டார்.

"நீ பண்ணது பாவம்டா," என்றார் அவரிடம். பிறகு என்னிடம், "ஆனா அந்த அம்மாவை இவன்தானே கூட்டிட்டு வந்தான்?"

சாவியும் நகல்களும் அன்றே திரும்ப வரவேண்டும். அந்த அம்மாள் வாங்கினால் மட்டும் கமிஷன். மற்றவர்கள் விஷயத்தில் அவருக்குப் பேச்சே கிடையாது என்று முடித்து வைத்தார். அந்த அம்மாளுக்கு விற்கவே மாட்டேன் என்று நான் வீம்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு நாங்களே இணையத்தில் விளம்பரம் கொடுத்தோம். வந்தவர்களில் சிலர், எங்கிருந்து கேள்விப்பட்டார்களோ, "உங்களுக்கும் அவசரம்தானே" என்றே பேச்சை ஆரம்பித்து அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். அந்த அம்மாள் மட்டும் போன் செய்தார். "உங்க பொண்ணுகிட்ட நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. தப்பா நினைக்காதீங்க," என்றார். நாங்கள் சொன்ன விலையையும் குறைக்கச் சொல்லவில்லை. நான் இழுத்தடித்தேன். மகள்தான், "கொடுத்துடும்மா. இந்தப் படியில இன்னும் எத்தனை நாள் பயந்துட்டே இறங்குறது?" என்றாள்.

பத்திரப்பதிவு முடிந்த மறுநாள் புரோக்கர் கமிஷனுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். நான் உள்ளே கூப்பிடவில்லை. கவரைக் கொடுத்தேன். சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பழைய அதே உரிமையோடு சொன்னார்: "பாப்பாவுக்காகத் தினமும் செபிக்கிறேன்க்கா."

"செபிக்காதீங்க," என்றேன்.

பிறந்ததிலிருந்து நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.