ஜெயரூபி வீட்டு மூன்று குக்கர்கள்

சல்லிக் கிராமத்தில் ஜெயரூபியின் வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அலுமாரிக்கு மேலே பெட்டி பிரிக்காமல் இருக்கும் இரண்டு றைஸ் குக்கர்களைத்தான். மூன்றாவது குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும். தாயும் மகளும் மட்டும் உள்ள வீட்டில் இவ்வளவு சோறு யாருக்கு என்று கேட்காத ஆளில்லை. பரிசாகக் கிடைத்தது என்பாள் ஜெயரூபி. அதற்கு மேல் சொல்லமாட்டாள்.

நகரத்தில் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு ஹோட்டலில் அவளுக்குச் சலவைப் பகுதியில் வேலை. மொட்டை மாடியில் விரிப்புகளைக் காயப்போட்டபடி, உள்ளே வருகிற கப்பல்களுக்கெல்லாம் குறை சொல்லுவாள். இது துருப்பிடித்தது, இது குளிக்காதது, இது வயிறு முட்டத் தின்றுவிட்டு வருகிறது. கேட்டுக் கேட்டுச் சிரிப்பதற்கு, கூட வேலை செய்யும் ஷிஃபானா இருந்தாள். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவளும் மகனோடு தனியாக இருப்பவள்தான். இரண்டு பேரும் சேர்ந்துவிட்டால் சலவை யந்திரத்தின் சத்தமே கேட்காது.

ஜெயரூபியின் புருஷன் கட்டாருக்கு வேலைக்குப் போனவர், போன இடத்திலேயே இருந்துவிட்டார். ஒன்பது வருஷமாகக் காசுமில்லை, கதையுமில்லை. மகள் லக்சாயினிக்கு அப்போது இரண்டு வயது. அழுகிற அளவுக்கு அழுதுவிட்டு ஜெயரூபி வேலை தேடினாள்.

கொரோனாவும் பெற்றோல் தட்டுப்பாட்டு வரிசையும் முடிந்து ஹோட்டல் மறுபடி எழும்பிய காலத்தில், ஒரு நாளும் தவறாமல் வேலைக்கு வருகிறவருக்குப் பரிசு என்று நிர்வாகம் அறிவித்தது. மாரி மழைக் காலத்தில் விருந்தாளிகள் குறைவு. ஆகவே தை மாதத்தில் வேலையாட்களுக்கெல்லாம் ஒரு விருந்து வைப்பார்கள். அதில் மூன்று வருஷமாகப் பரிசு ஜெயரூபிக்குத்தான். மூன்று முறையும் குக்கரைக் கையில் கொடுத்து, இவளைப் பார்த்துப் பழகுங்கள் என்று மைக்கில் பேசியவர் மனேஜர் சின்னராசா.

எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் அந்தக் குக்கர்கள் அவளுக்கு எப்படிக் கிடைத்தன என்று யாருக்குத் தெரியும்? காய்ச்சலோடு வேலைக்கு வந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால், பிள்ளைக்கு என்னவோ என்ற பயத்துக்கு முன்னால், லீவு கேட்க வேண்டி வருமோ என்ற பயம் வந்துவிடும். ஒரு நாள் நின்றாலும், புருஷன் இல்லாதவளை வேலைக்கு எடுத்தால் இப்படித்தான் என்று சொல்லிவிடுவார்களே. லக்சாயினி ஓடிய ஒரு விளையாட்டுப் போட்டியைக்கூட அவள் பார்த்ததில்லை. தூக்கம் கெட்டுப் போயிருந்தது. இதைத் தெரிந்தவள் ஷிஃபானா ஒருத்திதான்.

போன வருஷம் சலவைப் பகுதியின் சுப்பவைசர் இராசையா ஓய்வு பெற்றார். அடுத்தது ஜெயரூபி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் நினைத்தாள். ஆனால் சின்னராசா கிருஷாந்தனின் பெயரைச் சொன்னார். கிருஷாந்தன் நல்ல பொடியன், வேலைக்கு வந்து இரண்டு வருஷம். காய்ச்சல், கூட்டாளியின் கலியாணம், கிரிக்கெட் மேட்ச் என்று நினைத்தபோதெல்லாம் லீவு எடுப்பவன். அதற்கெல்லாம் கையெழுத்து வைத்தவரும் இதே சின்னராசாதான்.

அவர் கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் எரிச்சல். ஜெயரூபியைக் கூப்பிட்டுக் கதிரையில் இருக்கச் சொல்லி, அன்பாகத்தான் விளக்கம் சொன்னார். "பிள்ளை, நீங்கள் தனிய ஒரு பிள்ளையை வச்சுக்கொண்டு கஷ்டப்படுறீங்கள். பிள்ளைக்கு ஒண்டெண்டால் நீங்கள்தானே ஓட வேணும். ஒழுங்கா வர ஏலாது. உங்கட நல்லதுக்குத்தான் சொல்லுறன்."

அவள் மொட்டை மாடிக்கு ஏறிப்போய், விரிப்புகளுக்கு நடுவே நின்று அழுதாள். தேடி வந்த ஷிஃபானா, நடந்ததைக் கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னாள்.

"அக்கா, ஒழுங்கா வாறதுக்குத்தானே அந்த மனிசன் குக்கர் தந்த? மூண்டையும் கொண்டுவந்து அவர்ட மேசையில வைங்க."

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே முடிவும் எடுத்துவிட்டாள்.

அடுத்த நாள் காலை சல்லியில் மூன்று குக்கர்களோடு பஸ் ஏறினாள். கொண்டக்டர் எந்தக் கலியாண வீட்டுக்கு என்று கேட்டு, ஒரு குக்கருக்கும் சேர்த்துச் சீட்டுக் கொடுத்தான். ஹோட்டல் வாசலில் ஷிஃபானா காத்திருந்து ஒன்றை வாங்கிக்கொண்டாள். இரண்டு பேருமாகக் கொண்டுபோய்ச் சின்னராசாவின் மேசையில் வரிசையாக வைத்தார்கள்.

"சேர், ஒழுங்கா வர ஏலாதவளுக்கு இதுகளைப் பிழையாத் தந்திட்டீங்கள் போல. திருப்பி எடுங்கோ."

சின்னராசா பெட்டிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பெட்டி இல்லாத குக்கரின் மூடியைத் திறந்தார். ஓரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

"இது பாவிச்சதெல்லோ?" என்றார்.

"ஓம் சேர், முதல் வருஷத்தது. கழுவித்தான் கொண்டந்தனான்."

வெளியே யாரோ சிரித்தார்கள். ஜெயரூபி சிரிக்கவில்லை.

"தீபாவளிக்கும் பொங்கலுக்கும், உனக்கென்ன, வீட்டில புருஷனோ பாத்துக்கொண்டிருக்கிறார் எண்டு வேலைக்குக் கூப்பிடுறீங்கள். சுப்பவைசர் வேலையெண்டு வந்தா, புருஷன் இல்லை, ஏலாது எண்டுறீங்கள். அந்தாள் போய் ஒன்பது வருஷம் சேர். என்ர வீட்டை விட்டுப் போயிட்டார். இந்த ஹோட்டலை விட்டுத்தான் இன்னும் போகேல்லை."

சின்னராசா திறந்த குக்கரை மூடினார். யோசித்துச் சொல்கிறேன், இதுகளை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். யோசித்து முடிகிற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஜெயரூபி வேலைக்குப் போனாள்.

பிறகு நடந்ததுதான் கூத்து. மேசையில் மூன்று குக்கர்கள், அவற்றுக்குப் பின்னால் சின்னராசாவின் பாதி முகம். குசினிக்காரர்கள் ஒவ்வொருவராக ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு வந்து, சோறு அவிந்துவிட்டதா என்று பணிவாக விசாரித்துவிட்டுப் போனார்கள். கிருஷாந்தனும் வந்தான். அவன் பகிடி பண்ணவில்லை. அக்காவின் இடத்தில் நானாக இருந்தால் இவ்வளவு நாளும் பொறுத்திருக்கமாட்டேன் என்று மட்டும் சொன்னான். சல்லியில் லக்சாயினி, பானையில் வைத்த அடிப்பிடித்த சோற்றை முகம் சுளிக்காமல் தின்றாள்.

அந்தக் கிழமை, ஞாயிறு வருவதற்குள் சின்னராசா ஜெயரூபியைக் கூப்பிட்டார். தான் அன்றைக்குச் சொன்னது பிழை என்று சொன்னார். அப்படிச் சொல்ல ஒரு மனேஜருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவருடைய காது சிவந்ததிலேயே தெரிந்தது. சுப்பவைசர் வேலையைக் கொடுத்தார். குக்கர்களையும் கொடுத்தார், ஹோட்டல் வான் வண்டியிலேயே ஏற்றி.

ஜெயரூபி சுப்பவைசராகி முதலில் செய்த வேலை, பெருநாள் வேலையை எல்லோருக்கும் பங்கு போட்டது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஷிஃபானா வீட்டில் நின்றாள். தீபாவளிக்குக் கிருஷாந்தன் வேலைக்கு வந்தான், முணுமுணுத்துக்கொண்டுதான். ஜெயரூபி காய்ச்சலுக்கு லீவு எடுத்தாள். விளையாட்டுப் போட்டிக்கு லீவு எடுத்தாள். லக்சாயினி மூன்றாவதாக ஓடி வந்தாள், கத்தியதில் தாய்தான் முதலாம் இடம். இன்னொரு நாள் ஒரு காரணமும் இல்லாமல் லீவு எடுத்து, பகல் முழுக்கப் படுத்துத் தூங்கினாள்.

இந்தத் தை மாத விருந்துக்குப் பிள்ளைகளையும் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். பரிசுப் பெட்டியோடு சின்னராசா எழும்பியதும் பழக்கத்தில் எல்லோரும் ஜெயரூபியைப் பார்த்தார்கள். அவர் கூப்பிட்டது கிருஷாந்தனை. சித்திரையில் அவனுக்குக் கலியாணம், காசு சேர்க்க வேண்டி அந்தக் குக்கர் கூத்துக்குப் பிறகு ஒரு லீவும் எடுக்கவில்லை. குக்கரும் தேவைதான். கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள் ஜெயரூபி.

திரும்பி வருகையில் பஸ்ஸில் லக்சாயினி தாயின் வெறுங்கையைப் பார்த்தாள். "அம்மா, இந்த முறை உங்களுக்கு ஒண்டும் இல்லையோ?"

"ஒண்டுமில்லை மகள்" என்றாள் ஜெயரூபி. ஒன்பது வருஷத்தில் அவள் எதையும் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னதில்லை.